கதவைத் தட்டாத ஊர்

வாசகர் கடிதம்: அக்கா, எங்களுக்குச் சொந்த ஊர் கும்பகோணம். கணவருக்கு நர்ஸ் வேலை கிடைத்து, இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் ஹார்ன்காசிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமத்தில் எட்டு மாதமாக வாடகைக்கு இருக்கிறோம். அவர் காலை ஆறரைக்குக் காரை எடுத்துக்கொண்டு போனால் இரவு எட்டரைக்குத்தான் வருவார். மகள் இரண்டாம் வகுப்பு. இத்தனை நாளில் ஒருவர்கூட எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. பக்கத்து வீட்டு அம்மா "ஒருநாள் டீ குடிக்க வா" என்று சொல்லி ஐந்து மாதம் ஆகிறது, கூப்பிடவே இல்லை. எங்களைப் பிடிக்கவில்லையோ என்று தோன்றுகிறது. தாளிக்கும்போது ஜன்னலைத் திறக்கக்கூட பயமாக இருக்கிறது. நம்மவர்கள் நிறைய இருக்கும் லெஸ்டருக்கோ லண்டன் ஈஸ்ட்ஹாமுக்கோ போய்விடலாமா? நவம்பரில் மகளுக்குப் பிறந்தநாள், யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

பதில்:

அன்புத் தங்கைக்கு, முதலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். வயலில் எரு அடிக்கிற நாளின் வாசத்தோடு வாழ்ந்து பழகியவர்கள் அவர்கள், உங்கள் பெருங்காயம் யாரையும் ஒன்றும் செய்துவிடாது.

நானும் அதே மேட்டுநிலத்தில், வோல்ட்ஸ் பக்கம், பதினோரு வருஷம் இருந்தவள். முதல் வருஷம் நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே நானும் என் அம்மாவுக்கு போனில் சொல்லி அழுதிருக்கிறேன். என் எண்ணம் எப்போது மாறியது என்று சொல்கிறேன். எங்கள் தெருவில் வாரம் ஒருமுறை குப்பை வண்டி வரும். முந்தின ராத்திரியே அந்தச் சக்கரம் வைத்த பெரிய தொட்டியை வாசலுக்கு இழுத்து வைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவேன், சாயங்காலம் வந்து பார்த்தால் தொட்டி பக்கச் சுவரோரம் தன் இடத்தில் நிற்கும். என் கணவர்தான் இழுத்து வைக்கிறார் என்று நானும், நான்தான் என்று அவரும் நினைத்துக்கொண்டே ஆறு மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் ஜுரம் என்று லீவு போட்டுப் படுத்திருந்தபோது ஜல்லியில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெரியவர், எண்பதை நெருங்கியவர். காற்றில் திறந்துகொள்ளாதபடி தொட்டி மூடியின் மேல் ஒரு செங்கல்லை வைத்து, அது நிற்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, எங்கள் ஜன்னல் பக்கம் திரும்பாமலே போனார். அதுவரை அவர் என்னிடம் பேசியதெல்லாம் மழை, காற்று, பனி, அவ்வளவுதான்.

நம் ஊரில் பழக்கம் வாசல்படியில் ஆரம்பிக்கும். குடிவந்த அன்றே பால் இருக்கிறதா என்று கேட்டு யாராவது வந்துவிடுவார்கள், சொந்த ஊர் எது, பிள்ளை எத்தனை, சம்பளம் எவ்வளவு எல்லாம் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அங்கே வீடுதான் கடைசியாகத் திறக்கும். உங்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதையே அவர்கள் மரியாதையாக நினைக்கிறார்கள், நமக்கு அது முகம் திருப்பிக்கொள்வது போலத் தெரிகிறது. அந்த அம்மா சொன்ன "ஒருநாள்" வெறும் பேச்சு என்று நான் சொல்லமாட்டேன், நாள் குறிக்காத நல்லெண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளை நீங்களே குறித்துவிடுங்கள். "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் வீட்டுக்கு டீக்கு வருகிறீர்களா?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் வந்துவிடுவார், அதுவும் சரியாகப் பதினோரு மணிக்கு.

அதைவிட முக்கியம், நாலு பேர் சேர்ந்து ஏதாவது வேலை செய்கிற இடத்துக்கு நீங்கள் போகவேண்டும். அந்த ஊர் மக்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசக் கூச்சப்படுவார்கள், பக்கத்தில் பக்கத்தில் நின்று கையில் ஒரு வேலை இருந்தால் மனசு விட்டுப் பேசுவார்கள். வில்லேஜ் ஹாலில், அதாவது ஊர்ப் பொதுக்கூடத்தில், காபி மார்னிங் என்று ஊரார் கூடிக் காபி குடிப்பது நடக்கும், போய் ஒரு ஓரத்தில் உட்காராமல் சமையலறைக்குள் நுழைந்து "நான் துடைக்கட்டுமா?" என்று கேட்டு ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வெளிர்பச்சைக் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கி முடிப்பதற்குள், எட்டு மாதத்தில் தெரியாத விஷயமெல்லாம் தெரிந்துவிடும். பாரிஷ் கவுன்சில் என்று ஒன்று இருக்கும், 1894-இல் சட்டம் போட்டு ஏற்படுத்தியது, நம் ஊராட்சி மாதிரி, கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அறிவிப்புப் பலகையில் தேதி ஒட்டியிருப்பார்கள், அந்தப் பலகையை வாரம் ஒருமுறை நின்று படியுங்கள்.

என்னை அந்த ஊர்க்காரியாக ஆக்கியது கோயில் மணி, அதாவது அவர்கள் சர்ச்சின் மணி. ஞாயிற்றுக்கிழமை கேட்டிருப்பீர்கள், பாட்டு மாதிரி இருக்காது, ஆனால் ஏதோ ஒழுங்கு இருக்கும். அது முழுக்கக் கணக்கு. ஆறு மணிகள் இருந்தால் ஆளுக்கொரு கயிறு, அடிக்கும் வரிசையைச் சுற்றுக்குச் சுற்று மாற்றிக்கொண்டே போகவேண்டும், ஒருமுறை வந்த வரிசை மறுபடி வரக்கூடாது. ஆறு மணிகளுக்கு மொத்தம் 720 வரிசை, அத்தனையும் அடித்து முடிக்கக் கிட்டத்தட்ட இருபத்தைந்து நிமிஷம் ஆகும். மிருதங்கத்தில் கோர்வை கணக்குப் போட்டு வைத்துப் பழகிய காது நமக்கு, நான் முதல் தடவை மேலே ஏறிக் கேட்டபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. கயிற்றில் கம்பளி சுற்றிய பிடி ஒன்று இருக்கும், சாலி என்பார்கள், அது மேலே போய் இறங்கும்போது சரியான நொடியில் பிடிக்கவேண்டும். தப்பினால் சத்தம் போடமாட்டார்கள், இன்னொரு தடவை என்பார்கள், அவ்வளவுதான். நான் நம் சாமியைக் கும்பிடுகிறவள் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அதனால் என்ன, கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். உண்மையாகவே பல ஊர்களில் ஆள் பற்றாக்குறை. உங்கள் ஊர் சர்ச்சில் மணி இருந்தால் வாரத்தில் ஒரு ராத்திரி பயிற்சி நடக்கும், போய்க் கேளுங்கள்.

அப்புறம் கார். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், உங்கள் தனிமையில் பாதி அந்த ஊர் மக்களால் வந்ததில்லை, உங்கள் கையில் வண்டி இல்லாததால் வந்தது. ஹார்ன்காசிலுக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் 1954-இலேயே நின்றுவிட்டது, பஸ்ஸை நம்பி நாளைத் திட்டமிட முடியாது. இந்திய லைசென்ஸ் இருந்தால் குடிவந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் அதை வைத்து ஓட்டலாம், உங்களுக்கு இன்னும் நாலு மாதம்தான் இருக்கிறது. இன்றே ஆன்லைனில் புரோவிஷனல் லைசென்ஸுக்கு (நம் ஊர் எல்.எல்.ஆர். மாதிரி) விண்ணப்பியுங்கள், தியரி தேர்வு எழுதி முடித்துச் சாலைத் தேர்வுக்குத் தேதி போடுங்கள், தேதி கிடைக்கப் பல இடங்களில் மாதக்கணக்கில் ஆகிறது. அதுவரை கால்கனெக்ட் என்று லிங்கன்ஷயரில் ஒரு சிற்றுந்து இருக்கிறது, முன்கூட்டியே பதிவு செய்தால் வந்து ஏற்றிக்கொள்ளும், அதில் சந்தைக்குப் போய்வாருங்கள்.

இனி வருவது இருட்டுக்காலம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே பொழுது அடைந்துவிடும். நம் உடம்புக்கு அது நிஜமாகவே கஷ்டம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை எல்லோருமே தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ள யோசிக்கச் சொல்கிறது அந்நாட்டு அரசு, நம்மைப் போன்ற கறுத்த தோலுள்ளவர்களுக்கு வருஷம் முழுக்க. அழுகை நிற்காமல் போனால், தூக்கம் கெட்டால், ஜி.பி.யிடம், அதாவது உங்கள் குடும்ப டாக்டரிடம், போய் மறைக்காமல் சொல்லுங்கள். வெளிச்சம் இருக்கும்போது நடங்கள். மஞ்சள் அம்புக்குறி போட்ட பொதுப்பாதை தனியார் வயலுக்கு நடுவே போனாலும் அதில் நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு, மூடியிருந்த கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுப் போகவேண்டும், கன்றோடு நிற்கும் மாட்டுக் கூட்டத்தை விட்டு விலகிப் போகவேண்டும். மகளையும் கூட்டிப்போங்கள். சுற்றுவட்டாரத்தில் எத்தனை ஊர்ப்பெயர் "பி" (by) என்று முடிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள், அது ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டிக் குடியேறிய டேனிஷ்காரர்கள் விட்டுப்போன சொல், நம் "பட்டி", "ஊர்" மாதிரி. வெளியிலிருந்து வந்தவர்கள் பேர் வைத்த மண் அது என்று அவளுக்குத் தெரியட்டும்.

எல்லோரும் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் ஒருமுறை சந்தைத் தெருவில் ஓடும் காரிலிருந்து வசவு விழுந்திருக்கிறது. யாராவது நிறத்தைச் சொல்லித் திட்டினாலோ மிரட்டினாலோ அதைக் கூச்ச சுபாவம் என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். 101-க்கு போன் செய்து போலீசில் பதிவு செய்யுங்கள், ஆபத்து என்றால் 999. ஆனால் நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

இடம் மாறுவது பற்றி. மகளுக்குத் தமிழ் வகுப்பு, கைக்கெட்டும் தூரத்தில் முருகன் கோயில், கறிவேப்பிலை விற்கும் கடை, இதெல்லாம் வேண்டும் என்று தோன்றினால் ஈஸ்ட்ஹாம் போவதில் எந்தத் தோல்வியும் கிடையாது. ஆனால் கணவரின் விசா இப்போது வேலை கொடுத்திருப்பவர்களின் ஸ்பான்சர்ஷிப்பில் இருந்தால், வேறு இடத்தில் வேலை பார்த்துப் புது ஸ்பான்சர்ஷிப்போடு விண்ணப்பித்து அனுமதி கிடைத்த பிறகுதான் அந்த வேலைக்குப் போக முடியும், லண்டன் வாடகையையும் கணக்குப் போடுங்கள். என் அபிப்பிராயம், குளிர்காலத்தில் முடிவெடுக்காதீர்கள். ஜூனில் ராத்திரி ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், வேலியெல்லாம் பூத்துக் கிடக்கும், கையில் லைசென்ஸும் இருக்கட்டும், அப்போதும் போகத்தான் வேண்டும் என்று இருந்தால் போங்கள்.

பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதையும் கூப்பிடுங்கள், கிராமத்துப் பள்ளியில் பிள்ளைகள் குறைவுதான், ஒருவரை விட்டாலும் தெரிந்துவிடும். வில்லேஜ் ஹாலை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். அழைப்பில் இரண்டு மணி முதல் நாலு மணி வரை என்று முடியும் நேரத்தையும் எழுதவேண்டும், நாலு மணிக்கு எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள், அதற்கு வருத்தப்படாதீர்கள். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று முன்பே கேட்டுவிடுங்கள், முந்திரி போடாமல் கேசரி கிண்டுங்கள், பெற்றோருக்கு டீ உண்டு என்று அழைப்பில் ஒரு வரி சேருங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் பெரிய தட்டு ஒன்று இரவல் கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார். திருப்பிக் கொடுக்கும்போது வெறும் தட்டாகக் கொடுக்காதீர்கள், கேசரியில் ஒரு பங்கை அவருக்கென்று எடுத்து வைத்திருங்கள்.