கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகு) வாடகைக்கு எடுக்கும் முன்: கேள்வி பதில்

கேள்வி: முதன்முறை போகிறோம். எந்த வகை கயாக் கேட்க வேண்டும்?

பதில்: மேலே உட்காரும் வகை. விழுந்தாலும் திரும்ப ஏறிக்கொள்ளலாம், தட்டில் சேரும் தண்ணீர் ஓட்டைகள் வழியே தானே வடிந்துவிடும். உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை கவிழ்ந்தால் இறைத்தே கை ஓய்ந்துவிடும். அந்த ஓட்டைகளைப் பார்த்துப் பதற வேண்டாம். பார்க்க வேண்டியது பின்முனையில் இருக்கும் சின்னத் திருகு மூடியை. நான் ஒருமுறை பார்க்காமல் ஏறிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் துடுப்புப் போடும்போதெல்லாம் உள்ளே சளக் சளக்கென்று சத்தம். பின்பக்கம் தாழ்ந்து மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. கரைக்கு இழுத்துப் பார்த்தால் மூடியே இல்லை.

கேள்வி: அமைதியான ஏரி, நீச்சலும் தெரியும். லைஃப் ஜாக்கெட் அவசியமா?

பதில்: அவசியம். பட்டைகளை இறுக்கியதும் யாரையாவது தோள்பக்கம் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது, மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: எவ்வளவு தூரம் போகலாம்?

பதில்: நிதானமாகப் போட்டால் மணிக்கு 3, 4 கிலோமீட்டர். எதிர்காற்றில் அதில் பாதி வந்தாலே பெரிது. அதனால் காற்றை எதிர்த்துக் கிளம்புங்கள், காற்றோடு திரும்புங்கள். மாற்றிக் கிளம்பினால், காலையில் சுகமாகத் தள்ளிக்கொண்டு போன காற்றுதான் தோள் வலிக்கிற நேரத்தில் முகத்தில் அடிக்கும்.

கேள்வி: துடுப்பில் எந்தப் பக்கம் நம்மைப் பார்க்க வேண்டும்?

பதில்: குழிந்த பக்கம்.

கேள்வி: கணவன் மனைவி இரட்டை இருக்கையில் போனால் யார் பின்னால்?

பதில்: கனமானவர். முன்னால் இருப்பவர் தாளம், பின்னால் இருப்பவர் அதைப் பார்த்து அதே பக்கம் போட்டு, திசையையும் கவனிக்க வேண்டும்.

கேள்வி: வழி தெரிவது முன்னால் இருப்பவருக்குத்தானே? அவரே திருப்பக் கூடாதா?

பதில்: வழியைச் சொல்லட்டும். பின்முனைக்குப் பக்கத்தில் வீசும் துடுப்புதான் படகைச் சுலபமாகத் திருப்பும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து நான் துடுப்பே போடவில்லை என்கிறார்.

பதில்: அவருக்கு உங்கள் கை தெரிகிறது, உங்களுக்கு அவர் கை தெரியவில்லை. எல்லாச் சண்டையும் அங்கேதான் ஆரம்பம்.

கேள்வி: அப்படியானால் அவர் சும்மா இருந்திருப்பாரோ?

பதில்: திரும்பிப் பார்க்காதீர்கள், படகு ஆடும். அடுத்த தடவை தனித்தனியாக எடுங்கள்.

கேள்வி: இடுப்பளவுத் தண்ணீர்தான், லைஃப் ஜாக்கெட்...

பதில்: இரண்டாவது பதில்.

கேள்வி: நன்றாக நீந்துவேன், அதனால்...

பதில்: அதே இரண்டாவது பதில்!

கேள்வி: இடி இடித்தால்?

பதில்: உடனே கரை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்பத் தண்ணீரில் இறங்காதீர்கள்.

கேள்வி: லேசான காற்று பரவாயில்லையா?

பதில்: எந்தப் பக்கமிருந்து? கரையிலிருந்து உள்ளே வீசும் காற்றில் கரையோரத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். நூறு மீட்டர் தள்ளிப் போய்த் திரும்பும்போதுதான் விஷயம் புரியும். அந்த மாதிரி நாளில் நான் படகு எடுப்பதில்லை.