ஒருவரிடமும் போய் நிற்காதவர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்களைத் தம்பி என்று விளிக்கும் வயது எனக்கு இருப்பதால் அவ்வாறே எழுதுகின்றேன். வடமராட்சியில் 31 ஆண்டுகள் கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். வயது 69. மனைவி காலமாகி நான்கு வருடங்கள் ஆகின்றன. மகன் ரொறன்ரோவிலும் மகள் லண்டனிலும் இருக்கின்றார்கள். ஒவ்வொரு நாளும் வீடியோவில் முகம் பார்த்துக் கதைக்கின்றார்கள். அந்தக் குறை இல்லை. பிரஷர், சீனி இரண்டும் மருந்தில் கட்டுப்பாட்டில் உள்ளன. ஆனால் இரவு இரண்டு மணிக்கு விழித்தால் பிறகு நித்திரை வருவதில்லை. கிளினிக் வரிசையில் காத்திருக்க மனமில்லாமல் நான் காசு கட்டிச் சனல் செய்து காட்டும் டொக்டர், சென்ற முறை குளிசை ஒன்றும் கூட்டாமல், "நாலு சனத்தோடை பழகுங்கோ மாஸ்டர், அதுதான் மருந்து" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இதைக் கேட்கவா காசு கட்டினேன் என்று மனத்தாங்கலாக இருந்தது.

இன்றுவரை ஒருவரிடமும் ஒன்றுக்கும் போய் நின்றதில்லை என்பது எனக்குள்ள பெருமை. மனைவி இருந்த காலத்தில் வீட்டில் சனம் ஓயாது. இப்போது படலை திறக்கும் சத்தம் கேட்டால் மின்மானி பார்க்க வந்தவராக இருக்கின்றது. மகன் இரண்டு யோசனைகள் சொல்கின்றான். மேற்குப் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் கிளுவை வேலியையும் எடுத்துவிட்டு மதில் கட்டினால் பாதுகாப்பு என்பது ஒன்று. ரொறன்ரோவிலுள்ள ஊர்ச்சங்கத்தின் பணத்தில் முதியோர் கூடுவதற்கு ஒரு மண்டபம் கட்டி, அதற்கு நான் தலைவராக வேண்டும் என்பது மற்றது. டொக்டர் சொன்னது உண்மைதானா? உண்மையென்றால், இந்த வயதில் மனிதரைத் தேடி எங்கே போவது? மண்டபம் அதற்கு வழியாகுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வடமராட்சி

அன்புள்ள மாஸ்டர்,

டொக்டர் சொன்னது உண்மை. நீங்கள் கட்டிய காசு வீண்போகவில்லை.

கலிபோர்னியாவின் அலமேடா மாவட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, லீசா பேர்க்மன், லெனாட் சைம் என்ற இரு ஆய்வாளர்கள் 1979 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். துணை, உறவினர், நண்பர், வழிபாட்டுக் குழு, சங்கம் ஆகிய பிணைப்புகள் மிகக் குறைந்தவர்கள், அவை நிறைந்தவர்களைவிட அந்த ஒன்பது ஆண்டுகளில் இரண்டு முதல் மூன்று மடங்கு வீதத்தில் இறந்திருந்தார்கள். புகைத்தல், குடி, வருமானம், தொடக்க உடல்நிலை ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னரும் அந்த வேறுபாடு நின்றது. 2010 இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் உடனாய்வாளர்களும் இத்தகைய 148 ஆய்வுகளை, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மனிதரின் தரவுகளை, ஒன்றுசேர்த்துக் கணித்தபோது, சமூகப் பிணைப்பு வலுவாக உள்ளோர் ஆய்வுக்காலத்தின் முடிவில் உயிரோடிருப்பதற்கான வாய்ப்பு 50 வீதம் அதிகம் என்று கண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாகவும், ஆண்டொன்றுக்கு 8 இலட்சத்து 71 ஆயிரம் மரணங்கள் அதனோடு தொடர்புடையவை என்றும் மதிப்பிட்டது.

கணித ஆசிரியரான நீங்கள் இந்த இடத்தில் கையை உயர்த்துவீர்கள். நோய் வந்தவன் தானாகவே ஒதுங்கி விடுகின்றான். அப்படியிருக்க ஒதுங்கியதால் நோய் வந்தது என்று எப்படிச் சொல்லலாம்? நியாயமான கேள்வி. அதற்கு முழுமையாக இல்லாவிட்டாலும் ஓரளவு பதில் தருவது ஷெல்டன் கோஹென் குழுவினர் 1997 இல் வெளியிட்ட பரிசோதனை. நல்ல உடல்நிலையில் இருந்த 276 பேரின் மூக்கில் தடிமன் வைரசை விட்டு, அவர்களைத் தனிமைப்படுத்திக் கவனித்தார்கள். துணை, பெற்றோர், பிள்ளைகள், அயலவர், நண்பர், உடன் வேலை செய்வோர், சங்கத்தார் என்று உறவுகளை 12 வகையாகப் பிரித்திருந்தார்கள். மூன்று அல்லது அதற்குக் குறைந்த வகை உறவுகளே உடையவர்களுக்கு, ஆறும் அதற்கு மேலும் உடையவர்களைவிட நான்கு மடங்கு அளவில் தடிமன் பிடித்தது. கவனித்துப் பாருங்கள், அங்கே கணக்கில் வந்தது உறவின் எண்ணிக்கை அன்று, வகை. நாள்தோறும் வீடியோவில் வரும் மகனும் மகளும் எத்தனை அன்பானவர்களாக இருந்தாலும், இந்தக் கணக்கில் அவர்கள் ஒரு வகைதான்.

இரண்டு மணி விழிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனிமையுணர்வை ஆராய்ந்த சிக்காகோவின் ஜோன் கசியோப்போ போன்றவர்கள் தரும் விளக்கம், தனக்குக் காவலாக அருகில் ஒருவரும் இல்லை என்று உணரும் உடல் உறக்கத்திலும் அரைக் கண்ணைத் திறந்து வைத்திருக்கின்றது என்பது. அந்த ஓயாத விழிப்பு குருதியமுக்கத்தையும் அழற்சியையும் நாளடைவில் கூட்டிச் செல்கின்றது. இது உடலுக்குள் நடப்பது. மனிதத் துணை உடலைக் காக்கும் இதைவிட எளிய வழியும் ஒன்று உண்டு, அதை நான் பெரிதாக மதிக்கின்றேன். சீனி வருத்தக்காரருக்குக் கால் நரம்பு மரத்துப்போனால், பித்தவெடிப்பில் புண் வைத்தாலும் வலி தெரியாது. முற்றத்தில் வந்து குந்தியிருப்பவர்தான், "என்ன மாஸ்டர், காலிலை இது?" என்று கேட்பார். வீடியோவில் முகம் தெரியும், கால் தெரியாது.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். அந்த விழிப்போடு பசியின்மையும், எதிலும் நாட்டமின்மையும், இருந்து என்ன செய்வது என்ற எண்ணமும் சேர்ந்து வாரக்கணக்கில் நீடிக்குமாயின், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதை "சனத்தோடு பழகி"த் தீர்க்க முனைவது, உடைந்த காலுக்கு நடைப்பயிற்சி சொல்வது போலாகும். மந்திகை ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் கதைக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, உங்கள் கடிதத்தில் நான் மீண்டும் மீண்டும் வாசித்த வரிக்கு வருகின்றேன்: "இன்றுவரை ஒருவரிடமும் ஒன்றுக்கும் போய் நின்றதில்லை." நம்மூரில் இதைச் சொல்லாத ஆசிரியர் இல்லை, என் தந்தையார் உட்பட. கோபிக்க மாட்டீர்களானால், உங்கள் வருத்தத்தின் வேர் அந்த வரியில் இருக்கின்றது என்பது என் எண்ணம். மனைவி இருந்த காலத்தில் சனம் ஓயாது என்று எழுதுகின்றீர்கள். வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தயிருக்கு உறை கேட்டு ஒருவர், பெறாமகளின் சாமத்தியவீட்டுக்குச் சேலை தெரியக் கூப்பிட்டு ஒருவர், அம்மா கொடுத்தனுப்பிய கறிக்கோப்பையைத் திருப்பிக் கொடுக்க ஒருவர் என்றுதான் வந்திருப்பார்கள். கேட்பதையும் கொடுப்பதையும் உங்கள் மனைவி செய்தார். நீங்கள் சாய்மனைக் கதிரையில் இருந்து அதன் பலனை அனுபவித்தீர்கள். மனைவியை இழந்த நம்மூர் ஆண்கள் பலர் அவரோடு சேர்த்து ஊரையும் இழந்துவிடுவது இவ்வாறுதான்.

கிளுவை வேலியில் பொட்டு என்று ஒன்று இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு ஆள் குனிந்து போகும் அளவு இடைவெளி. உப்பும், பாதித் தேங்காயும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற செய்தியும் ஒழுங்கையால் சுற்றி வராமல் அந்த வழியால்தான் வரும். வந்த கோப்பை வெறுமையாகத் திரும்பாது. அதில் இரண்டு முருங்கைக்காயாவது இருக்கும். அடுத்த கிழமை அதற்குப் பதிலாக வேறொன்று வரும். யார் யாருக்கு எவ்வளவு கடன் என்ற கணக்கு ஒருபோதும் சரிவருவதில்லை. சரிவந்திருந்தால் பொட்டை அடைத்துவிட்டு இரு வீட்டாரும் தம்பாட்டில் இருந்திருப்பார்கள்.

அந்தக் கடனை நாம் வெளிநாட்டுப் பணத்தால் அடைத்துத் தீர்த்துக்கொண்டோம். செத்தவீட்டில் உலை வைப்பதில்லை என்பதால் அயலட்டை முறை வைத்துச் சமைத்துக் கொண்டுவந்த காலம் போய், பந்தல், கதிரை, சாப்பாடு, வெளிநாட்டு உறவுகளுக்கு நேரலை என்று எல்லாம் ஒரு தொலைபேசி அழைப்பில் வந்து இறங்குகின்றன. வசதிதான், மறுக்கவில்லை. கிளினிக் வரிசையைக் காசு கொடுத்துத் தவிர்த்தீர்கள் அல்லவா, அதுவும் இவ்வகையே. மாதம் ஒரு முறை, ஒரே நாளில், ஒரே வாங்கில், ஒரே வருத்தத்தோடு கொப்பியை மடியில் வைத்துக் காத்திருக்கும் முப்பது நாற்பது பேரை விட்டு நீங்கள் விலகிப் போயிருக்கின்றீர்கள்.

பழைய ஊரை நான் பூச்சூட்டிப் பார்ப்பதாக எண்ண வேண்டாம். வேலியில் நட்ட கதியால் தடிகளை அடுத்த வளவுக்குள் அரக்கியதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோடேறிய வேலிச்சண்டைகளும் அதே வேலிகளில்தான் நடந்தன. பொட்டு எல்லோருக்கும் திறந்திருக்கவும் இல்லை. கிணற்றில் அள்ள விடப்படாதவர்களும், தேநீர்க் கடைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடும்படி போராடியவர்களும் நம் மத்தியில்தான் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு ஊர் என்பது மருந்தாக இருந்ததில்லை.

அதன்மேல் போர் வந்தது. 1987 இல் வடமராட்சியும் 1995 ஒக்ரோபரில் வலிகாமமும் இடம்பெயர்ந்து சிதறின. திரும்பி வந்தபோது பல வீடுகளுக்குப் பக்கத்தில் பழைய அயலவர் இல்லை. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமன்றிச் சமூகத்தையே காயப்படுத்துகின்றது என்பதை 2007 இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் விளக்கினார். அவர் அங்கே எடுத்துக்காட்டிய அறிகுறிகளில் ஐயுறவும் மௌனமும் முன்னிற்கின்றன. யார் எவரோ என்று அஞ்சி வாயை மூடிக்கொள்வது ஒரு காலத்தில் உயிரைக் காத்தது. காலம் மாறிய பின்னும் வாய் பழக்கத்தை விடவில்லை.

மண்டபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் இவ்வாறே வெளிநாட்டுப் பணத்தில் மாபிள் பதித்த மண்டபம் ஒன்று எழுந்தது. திறப்புவிழாவுக்கு ஊரே வந்தது. திறப்பு செயலாளரின் வீட்டில் இருக்கின்றது. ஆண்டுக் கூட்டத்தன்று மட்டும் கொண்டுவருவார். கட்டடம் மனிதரைக் கூட்டுவதில்லை. குறித்த நேரமும், போவதற்கு ஒரு காரணமும், போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கும் ஓர் ஆளும்தான் கூட்டுகின்றன. இம்மூன்றும் உங்கள் சந்தியிலுள்ள சனசமூக நிலையத்தில் ஏற்கெனவே இருக்கக்கூடும். காலையில் வீட்டுக்குப் பேப்பர் வருமானால் அதை நிறுத்திவிட்டு, ஏழரை மணிக்கு அங்கே போய் வாசியுங்கள். ஒரு பேப்பரை நாலு பேர் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கும்போது, விளையாட்டுப் பக்கம் யாரிடம் என்று கேட்டே ஆக வேண்டும். ரொறன்ரோப் பணம் வருவதைத் தடுக்கவும் வேண்டாம்: முதுகு சாயக்கூடிய கதிரைகள், வழுக்காத மலசலகூடம், நடக்க இயலாதவர்களை ஏற்றி இறக்க முச்சக்கர வண்டிக் கூலி என்று கேட்டு வாங்குங்கள். அந்த வண்டி ஒழுங்கையின் கடைசி வீடு வரை போகின்றதா என்பதையும் தலைவராக நின்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காகவேனும் தலைவர் பதவி உங்களுக்குத் தகும்.

சாதாரண தரப் பிள்ளைக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கலாமே என்று பலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். செய்யுங்கள், ஆனால் அது உங்களுக்கு எளிது. கொடுக்கும் பக்கத்தில் நிற்பது ஆசிரியருக்குப் பழகிய இடம். நான் உங்களிடம் வேண்டுவது கடினமானது. அந்தப் பிள்ளையின் தாயிடம், கண்ணுக்குத் துளிமருந்து விட்டுவிடும்படி கேளுங்கள். மேற்கு வீட்டில் ஒரு பிடி முருங்கையிலை கேளுங்கள். முதல் தடவை நாக்குப் புரளாது. கேட்கப்பட்டவரின் முகத்தைப் பாருங்கள், மாஸ்டரும் நம்மிடம் கேட்கின்றாரே என்ற மகிழ்ச்சி அதில் தெரியும். அதன் பின்னர் அவரும் உங்களிடம் கூச்சமின்றி வருவார்.

மதில் விடயத்தை இதற்குள் எழுத மறந்துவிட்டேன். தென்மராட்சியில் என் வளவின் பின்பக்கத்தில், மதிலில் ஒரு பகுதி சென்ற மாரியில் சரிந்து விழுந்தது. திரும்பக் கட்டாமல் அங்கே வேலி வைக்கலாம் என்று இருக்கின்றேன். இந்தப் பக்கத்தில் நல்ல கிளுவை கிடைப்பது அரிதாகிவிட்டது. உங்கள் மேற்கு வேலியில் வெட்டக்கூடிய கதியால்கள் பத்துப் பன்னிரண்டு இருக்குமானால் எனக்குத் தர முடியுமா? ஐப்பசி மழை தொடங்கியதும் நானே வந்து வெட்டி எடுத்துக்கொள்கின்றேன். கத்தி மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும்.

அன்புடன்,
தம்பி