எடின்பரோ போக 1,800 பவுண்டு போதுமா?

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறோம். நான், கணவர், 13, 9 வயதில் இரண்டு பிள்ளைகள். ஆகஸ்ட் நடுவில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஐந்து இரவு தங்கி ஊர் சுற்ற ஆசை. சேமிப்பில் 1,800 பவுண்டு இருக்கிறது. ஹோட்டலே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் போலிருக்கிறது. எல்லா இடங்களுக்கும் சேர்த்து ஒரு பாஸ் வாங்கினால் லாபமா? குறைகிற பணத்தை கிரெடிட் கார்டில் போட்டு மெதுவாகக் கட்டலாமா?

பதில்: பாஸை அப்புறம் பார்ப்போம். முதலில் தேதியை மாற்றுங்கள். ஆகஸ்டில் அந்த ஊரில் ஃபிரிஞ்ச் என்ற நாடக விழா, சர்வதேச கலை விழா, கோட்டை வாசலில் டாட்டூ எனப்படும் ராணுவ இசை அணிவகுப்பு என்று எல்லாம் ஒன்றாக நடக்கும். 1947-இல் தொடங்கிய விழாக் கூட்டம், வருடா வருடம் அறை வாடகையை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிடுகிறது. நாடகம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி, அந்த விலையில் நியாயம் உண்டு. கோட்டையும் குன்றும் பார்க்கப் போகிறவர்கள் ஏன் விழாக்கால வாடகை கொடுக்க வேண்டும்? இங்கிலாந்தில் ஜூலை கடைசி வாரமே பெரும்பாலான பள்ளிகளுக்கு விடுமுறை வந்துவிடுகிறது. விழா சூடு பிடிக்கும் முன் போய் வந்துவிடுங்கள்.

இன்னொரு செலவும் சேர்கிறது. 2026 ஜூலை 24 முதல் எடின்பரோவில் தங்குகிறவர்களிடம் அறை வாடகையில் 5 சதவீதம் பயணியர் வரி வாங்குகிறார்கள். தொடர்ந்து தங்கும் முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டும்தான், ஆனால் உங்கள் திட்டமே ஐந்து இரவு. ஆகவே முழுத் தொகைக்கும் கட்ட வேண்டிவரும். இணையத்தில் விலையை ஒப்பிடும்போது இந்த வரி சேர்ந்ததா என்று பாருங்கள். நடுவூர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் துறைமுகப் பகுதியான லீத் பக்கமும் தேடுங்கள். டிராம் நேராக ஊருக்குள் வருகிறது. கோடையில் பல்கலைக்கழக விடுதி அறைகளையும் வெளியாருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது மோசமில்லை.

இனி பாஸ். என் கருத்தில் உங்களுக்குத் தேவையில்லை. அந்த ஊரின் நல்ல இடங்களில் பாதிக்கு டிக்கெட்டே கிடையாது. சேம்பர்ஸ் தெருவில் உள்ள தேசிய அருங்காட்சியகம் இலவசம். குளோனிங் ஆடு டாலியைப் பாடம் செய்து அங்கேதான் வைத்திருக்கிறார்கள், உங்கள் ஒன்பது வயதுக்குப் பிடிக்கும். ஊர் நடுவில் மவுண்ட் என்ற தெருவில் உள்ள தேசிய ஓவியக் கூடம் இலவசம். 251 மீட்டர் உயர ஆர்தர்ஸ் சீட் குன்றும் கால்டன் குன்றும் கால்வலியை மட்டும்தான் விலையாகக் கேட்கும். செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் விரும்பினால் நன்கொடை போடலாம். காசு கேட்பவை கோட்டை, ஹோலிரூட் அரண்மனை, லீத்தில் நிற்கும் பழைய அரச குடும்பக் கப்பல் பிரிட்டானியா போன்றவை. இவற்றில் எதையெல்லாம் நிஜமாகப் பார்ப்பீர்கள் என்று எழுதி, தனித்தனி விலையைக் கூட்டிப் பாருங்கள். பாஸ் அதைவிட மலிவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கோட்டைக்கு வாசலில் வாங்குவதைவிட இணையத்தில் முன்பதிவு செய்வதே மலிவு. கோடையில் டிக்கெட் தீர்ந்தும் போகும். இங்கிலாந்தின் பழைய கோட்டை, மாளிகைகளைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பில் உறுப்பினர் என்றால் முதல் ஆண்டில் பாதி விலை, புதுப்பித்த பிறகு இலவசம். மதியம் ஒரு மணிக்குச் சுடும் பீரங்கி ஞாயிறன்று கிடையாது, அதையும் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

ரயிலுக்கு ஃபேமிலி அண்ட் ஃபிரண்ட்ஸ் ரயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டை எடுங்கள். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும்.

கிரெடிட் கார்டு கேள்விக்கு இரண்டு பதில்கள். ஹோட்டல் பணத்தைக் கார்டில் கட்டுவது நல்லது. 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ளதை வாங்கி ஏமாந்தால் கார்டு நிறுவனமும் பொறுப்பு. இடைத்தரகர் தளம் வழியாகப் பதிவு செய்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். முடிந்தவரை ஹோட்டலிடமே நேராகக் கட்டுங்கள். ஆனால் பில் வந்ததும் சேமிப்பிலிருந்து முழுதாக அடைத்துவிடுங்கள். வட்டி கட்டிக்கொண்டே அடுத்த கோடை வரை இழுக்கிற பயணம் இது இல்லை. 1,800-க்குள் அடங்கவில்லையா, ஐந்து இரவை நான்காகக் குறையுங்கள். மேலே சொன்ன இடங்களுக்கு அது தாராளம்.