தாவரக் குறியீடு ஏன் திடீரெனக் குறைந்தது?

வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காகத் தாளடி நெல் வயல்களின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது, 2021 பிப்ரவரியில் 0.75 இருந்த என்டிவிஐ (பயிரின் பசுமையைக் காட்டும் தாவரக் குறியீடு) மறு ஆண்டில் 0.50 ஆகிவிட்டது, இது வறட்சியா என்று கேட்டிருந்தீர்கள். வறட்சி என்று எழுதி வழிகாட்டியிடம் கொடுத்துவிடாதீர்கள். பயிர் பெரும்பாலும் நன்றாகவே இருந்திருக்கும்.

2022 ஜனவரி 25 முதல், செயலாக்கப் பதிப்பு 04.00 தொடங்கி, ஒவ்வொரு பிக்சல் மதிப்புடனும் 1000 கூட்டப்பட்டே தரவு வெளியாகிறது. குறியீடு என்பது அண்மை அகச்சிவப்பு, சிவப்பு ஆகிய இரு அலைப்பட்டை மதிப்புகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது. சிவப்பு 500, அண்மை அகச்சிவப்பு 3500 என்றால் குறியீடு 0.75, அவை 1500, 4500 ஆகும்போது வித்தியாசம் மாறாமல் கூட்டுத்தொகை மட்டும் பெருகுவதால் 0.50 ஆகிவிடும். உங்கள் எண்களே சாட்சி.

ஆகவே 1000-ஐக் கழித்த பின்னரே 10000-ஆல் வகுத்துக் கணக்கிடுங்கள். பழைய படங்களும் மறுசெயலாக்கம் செய்யப்பட்டு வருவதால், படம் எடுத்த தேதியை நம்பாமல் மெட்டாடேட்டாவில் (படத்துடன் வரும் விவரக் குறிப்பில்) உள்ள பதிப்பு எண்ணைப் பார்த்து முடிவு செய்வதே சரி. செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே பகுப்பாய்வு செய்யும் கூகுள் எர்த் எஞ்சினில் வேலை செய்பவராயின், இத்திருத்தம் ஏற்கெனவே செய்யப்பட்ட 'ஹார்மனைஸ்டு' தொகுப்பையே எடுத்துக்கொள்ளலாம். அதில் மீண்டும் கழித்துவிடாதீர்கள், அந்தத் தவற்றை நானே ஒருமுறை செய்திருக்கிறேன்.