கன்று ஈன்ற மாடு எழ முடியாமல் படுத்துவிடுவது ஏன்?

பெரும்பாலும் பால் காய்ச்சல்தான் காரணம். ரத்தத்தில் கால்சியம் சட்டென்று குறைந்து தசைகள் வலுவிழக்கின்றன. சீம்பாலுக்கு நிறைய கால்சியம் போய்விடும். எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்ட உடம்புக்கு ஓரிரு நாள் பிடிக்கும். பேங்கில் பணம் இருந்தும் கையில் காசில்லாத நிலை மாதிரி.

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் கலப்பினக் கறவைகளில், மூன்றாம் ஈற்றுக்கு மேல், இதை அதிகம் பார்க்கிறேன். காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக் கிடக்கும். கால்சியத்தை ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமானால் இதயமே நின்றுவிடும். சற்று நேரத்தில் உடம்பு நடுங்கி, ஏப்பம் விட்டு, சாணி போட்டு, எழுந்து கன்றை நக்கும். ஒரு மாட்டு டாக்டருக்கு இதைவிட என்ன வேண்டும்! விடியட்டும் என்று காத்திருந்து மாட்டைப் பறிகொடுத்த வீடுகளும் உண்டு. தயவுசெய்து ராத்திரியானாலும் கூப்பிடுங்கள்.

அப்புறம், சினையின் கடைசி வாரங்களில் கால்சியம் டானிக்கை அள்ளிக் கொடுத்தால் இது வராது என்று பலர் நம்புகிறார்கள்; அது எலும்பிலிருந்து எடுக்கும் வேலையை மந்தமாக்கி, ஆபத்தைக் கூட்டத்தான் செய்யும்.