ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ரான்’ படத்தில் காட்சிகள் பிரமாதம், ஆனால் மனதைத் தொடவில்லை என்று பலர் சொல்வது ஏன்? உங்கள் அனுபவம் என்ன?

கேட்டவர் படத்தைக் கைப்பேசியில் பார்த்தாராம். வண்ணங்களில் சொக்கிப்போனேன், ஆனால் யார் முகமும் சரியாகத் தெரியவில்லை, அழுகையே வரவில்லை என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறார். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பார்த்தது கல்லூரித் திரைப்படக் கழகத்தில், சுவரில் வெள்ளைத் துணி கட்டி. அதற்கு முந்தைய மாதம் குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ போட்டிருந்தார்கள். 1954இல் வந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் மழையிலும் சேற்றிலும் நாமும் சேர்ந்து ஓடுவோம். அதே எதிர்பார்ப்போடு வந்து உட்கார்ந்தவர்களுக்கு ‘ரான்’ பெரிய ஏமாற்றம். கேமரா கிட்டேயே போகவில்லை. பச்சை மலைச்சரிவில் மனிதர்கள் பொம்மைகள்போல உட்கார்ந்திருந்தார்கள். கதையின் மையமான கிழவராக நடித்த தட்சுயா நகாடாய், ஜப்பானின் பழைய ‘நோ’ நாடக முகமூடிபோல முகத்தைத் தீட்டிக்கொண்டு கண்களை உருட்டினார். இடைவேளையில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். கடைசிவரை இருந்த நானும், படம் அழகு, ஆனால் ஈரம் இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் விடுதிக்குத் திரும்பினேன்.

பல வருடம் கழித்து வீட்டுத் தொலைக்காட்சியில் அப்பா, அம்மாவோடு பார்த்தேன். என் எண்ணம் மாறியது அன்றைக்குத்தான்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். பதினாறாம் நூற்றாண்டு ஜப்பான், உள்நாட்டுப் போர்க் காலம். எழுபதைத் தாண்டிய பிரபு ஹிதேதோரா தன் ஆட்சியை மூன்று மகன்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். மூன்று அம்புகளைச் சேர்த்துப் பிடித்தால் ஒடியாது என்று ஒற்றுமைக்குப் பாடம் சொல்கிறார். கடைக்குட்டி சபுரோ அந்த மூன்றையும் முழங்காலில் வைத்து ஒடித்துக் காட்டுகிறான், நாடு கடத்தப்படுகிறான். மூத்தவர்கள் இருவரும் தகப்பனைத் துரத்துகிறார்கள். அம்புக் கதை மோரி மோட்டோநாரி என்ற உண்மையான பிரபுவைப் பற்றி ஜப்பானில் வழங்குவது. அவருடைய பிள்ளைகள் நல்லவர்கள். அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் என்ற யோசனையில் தொடங்கிய குரோசாவா, பிறகு ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் மகள்களுக்கு நாட்டைக் கொடுத்துவிட்டு நொந்துபோகும் லியர் மன்னனையும் அதோடு இணைத்தார்.

கிழவர் தஞ்சம் புகுந்த மூன்றாம் கோட்டை எரியும் காட்சி வந்தது. ஃபூஜி மலைச் சரிவில் நிஜமாகவே ஒரு கோட்டையைக் கட்டி, நிஜமாகவே கொளுத்தினார்கள். இன்னொரு தடவை எடுக்க வழியில்லை. அந்தப் போரில் கத்திச் சத்தம் இல்லை, குதிரைக் குளம்பொலி இல்லை, அலறல் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு தோரு தகேமிட்சுவின் இசையை மட்டும் ஓடவிட்டிருக்கிறார் குரோசாவா. ரத்தம் படிக்கட்டில் வழிகிறது, அந்தப்புரப் பெண்கள் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டு சாகிறார்கள், வானம் எதுவும் நடக்காததுபோல மேகங்களோடு நிற்கிறது. பிறகு ஒரே ஒரு துப்பாக்கி வெடிக்கிறது. மூத்தவன் தாரோ குதிரையிலிருந்து விழுகிறான். அந்த நொடியில் எல்லாச் சத்தமும் திரும்பி வருகிறது. தன்னைக் குத்திக்கொண்டு சாக ஒரு வாள்கூடக் கிடைக்காத கிழவர், புகைக்குள் தட்டுத் தடுமாறிப் படியிறங்குகிறார். மஞ்சளும் சிவப்புமாக நிற்கும் படைகள் ஒதுங்கி வழி விடுகின்றன.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பெத்தவனுக்கா இந்த கதி?” என்றாள்.

அப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: “இந்தாளு எத்தனை பேர் வீட்டை இப்படிக் கொளுத்தியிருப்பான்.”

நான் அதுவரை இதை நன்றிகெட்ட பிள்ளைகளின் கதையாகத்தான் பார்த்திருந்தேன். லியருக்கு முன்கதை இல்லையே என்பதுதான் குரோசாவாவை உறுத்தியது. அதனால் ஹிதேதோராவுக்கு ஐம்பது வருட ரத்தக்கறை பிடித்த ஒரு முன்கதையைக் கொடுத்தார். மூத்த மருமகள் கயேதேயின் குடும்பத்தை அழித்தவர் அவர். இரண்டாவது மருமகள் சுயேயின் பெற்றோரைக் கொன்றவர், அவள் தம்பி ட்சுருமாருவின் கண்களைப் பறித்தவர். கயேதே பழிவாங்கக் காத்திருக்கிறாள், சுயே அமிதா புத்தரை வணங்கி மன்னித்துவிடுகிறாள். கடைசியில் இரண்டு பேருமே வெட்டுப்பட்டுத்தான் சாகிறார்கள். மன்னித்தவளுக்கும் விலக்குக் கிடைக்கவில்லை என்பது என்னை இன்றும் தூங்கவிடாத விஷயம்.

கேமரா கிட்டே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாம் ஒரு கிழவருக்காக அழுதிருப்போம், அவர் அழித்த குடும்பங்களை மறந்திருப்போம். அவ்வளவு தூரத்தில் நிற்பதால்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. முடிவில் சபுரோவின் பிணத்துக்குப் பக்கத்தில் கோமாளி கியோவாமி தெய்வங்களைத் திட்டுவான். கிழவருக்கு விசுவாசமான பணியாளர் தாங்கோ அவனை அடக்குவார்: தெய்வங்கள் அழுகின்றன, மனிதர்கள் ஒருவரை ஒருவர் கொல்வதை அவற்றால் தடுக்க முடியவில்லை என்பார். இரண்டே முக்கால் மணி நேரமாக நாம் பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் தெய்வங்களின் இடத்திலிருந்துதான் என்று அப்போது எனக்குப் பட்டது. பார்க்க முடிகிறது, கைநீட்ட முடியவில்லை. கேள்வியில் நீங்கள் சொல்லும் ‘மனதைத் தொடவில்லை’ என்பது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

வண்ணங்களை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. தாரோவுக்கு மஞ்சள், இரண்டாமவன் ஜிரோவுக்குச் சிவப்பு, சபுரோவுக்கு நீலம். இதை மனதில் வைத்துக்கொண்டால் ஒரு முகம்கூடத் தெரியாத போரிலும் யார் யாரை அடிக்கிறார்கள் என்பது விளங்கும். படத்துக்குப் பணம் கிடைக்காமல் காத்திருந்த பல வருடங்கள் குரோசாவா ஒவ்வொரு காட்சியையும் ஓவியமாக வரைந்து வைத்திருந்தார். பிரெஞ்சுத் தயாரிப்பாளர் செர்ஜ் சில்பர்மான் முன்வந்த பிறகுதான் வேலை நடந்தது. 1985இல் படம் வந்தபோது குரோசாவாவுக்கு 75 வயது, அந்த வருடமே மனைவியையும் இழந்திருந்தார். கையாலேயே நெய்து தைத்த உடைகளுக்காக எமி வாடாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. சிறந்த இயக்குநருக்கான பரிந்துரையோடு குரோசாவா நின்றுவிட்டார்.

குறை என்றால், நகாடாயின் நடிப்பு எனக்கு இன்னும் முழுதாக ஒட்டவில்லை. பித்துப் பிடித்துப் புல்வெளியில் அலையும் பகுதியும் நீளம்தான்.

இன்னொரு முறை பார்ப்பதாக இருந்தால் கைப்பேசி வேண்டாம், கிடைப்பதில் பெரிய திரையில் பாருங்கள். தொடக்கத்தில் கயேதே தன் கணவனிடம், இந்தக் கோட்டை என் தகப்பனுடையது, என் தாய் உயிரை விட்ட இடம் இது என்று சொல்லும் இடத்தைத் தவறவிடாதீர்கள். கயேதேயாக நடித்த மியேகோ ஹரதா குரலைச் சற்றும் உயர்த்தாமல், உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் அதைச் சொல்வார். நான் முதல் தடவை அந்த வசனத்தைக் கவனிக்கவே இல்லை.