சர்வதேச கிரிக்கெட் ஆடிவிட்டுப் பயிற்சியாளராக மாறியவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? ஏன்?

தமிழ்நாட்டு ஆட்டக்காரர் டபிள்யூ.வி.ராமன். நான் யோசிக்கவே வேண்டியதில்லை.

நிறையப் பேர் டிராவிட் என்பார்கள், 2011 உலகக்கோப்பையை நினைத்து கேரி கிர்ஸ்டன் என்பார்கள், சரிதான். எனக்கு ராமனைப் பிடிப்பது அவர் வந்த வழிக்காக. இடதுகை சுழற்பந்து வீசத் தொடங்கியவர், அப்புறம் தொடக்க ஆட்டக்காரராகவே தன்னை மாற்றிக்கொண்டார். மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் 1988-89இல் 1018 ரன், அதில் கோவாவுக்கு எதிராக ஒரு 313. 1944-45இல் இருந்து ரூசி மோடி பெயரில் இருந்த, ஒரே ரஞ்சி சீசனில் அதிக ரன் என்ற சாதனையை அந்த சீசனில் தாண்டினார். அப்படி ஆடியவருக்கு இந்திய அணியில் கிடைத்தது என்ன தெரியுமா? 1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் (சுழற்பந்து வீச்சாளர் ஹிர்வானி 16 விக்கெட் எடுத்தாரே, அதே ஆட்டம்தான், இரண்டாவது இன்னிங்ஸில் இவர் 83), கடைசி டெஸ்ட் 1997இல், மொத்தமே 11. டெஸ்ட் சதம் கிடையாது, அதிகபட்சம் கிறைஸ்ட்சர்ச்சில் அடித்த 96. ஆனால் 1992 டிசம்பரில் செஞ்சுரியனில் அடித்த 114 இருக்கிறது, தென்னாப்பிரிக்க மண்ணில் இந்தியர் ஒருவரின் முதல் ஒருநாள் சதம்.

ஒன்பது வருடம் கூப்பிடுவதும் வெளியே உட்கார வைப்பதுமாக இருந்தால் மனசு என்ன பாடுபடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் இந்தியப் பெண்கள் அணிக்கு அவர் வந்த நேரத்தைப் பாருங்கள்: அதற்கு முந்தைய மாதம்தான் டி20 உலகக்கோப்பை அரையிறுதியில் மூத்த ஆட்டக்காரர் மிதாலி ராஜை ஆட வைக்காத விவகாரம் வெடித்து அணியே ரணமாகிக் கிடந்தது. அங்கிருந்து பதினைந்தே மாதத்தில், 2020 மார்ச் 8 அன்று, மெல்போர்னில் 86,174 பேர் முன்னால் இந்தியப் பெண்கள் முதல்முறையாக டி20 உலகக்கோப்பை இறுதிப்போட்டி ஆடினார்கள். 85 ரன் வித்தியாசத்தில் தோற்றோம், பதினாறு வயது ஷஃபாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்க்க முடியவில்லை. 2021 மே மாதம் ராமனுக்குப் பதில் வேறு பயிற்சியாளரைப் போட்டுவிட்டார்கள். எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

என் கதையையும் சொன்னால்தான் இது புரியும். நான் மன்னார்குடிப் பக்கம். பதினான்கு வயதில் ஒரு பயிற்சி முகாமில், வந்திருந்தவர் நான் ஆடுவதை முழுசாக நாலு பந்து பார்த்திருப்பாரோ என்னவோ, பேட் பிடிப்பதையே மாற்றச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் என் பழைய ஆட்டம் திரும்பி வரவே இல்லை. ராமன் மாறினார், தானாக மாறினார். என்னை இன்னொருவர் மாற்றினார். இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்கு இப்போதுதான் புரிகிறது, ஏனென்றால் அந்த மெல்போர்ன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு என் அண்ணன் மகள் பேட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வந்து நின்றாள்.

எங்களுக்கு மைதானம் என்று தனியாக ஏது? உளுந்து எடுத்த பிறகு மேட்டூர் தண்ணீர் வரும்வரை வயல்தான் மைதானம், வரப்புதான் பவுண்டரி. களிமண் பூமி, சித்திரையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், வெடிப்பின் விளிம்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று வீசுகிறவனுக்கே தெரியாது. அவள் மேல்கையைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்கிறாள். தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். ஒரு வாரம் பந்து மட்டும் எறிந்தேன். "ஒண்ணுமே சொல்லாம என்னதான் பாக்குறீங்க சித்தப்பா?" என்று கேட்டாள். வெடிப்பில் பட்டுத் திரும்புகிற பந்தை அந்தத் தளர்ந்த கையால்தான் கடைசி நேரத்தில் காலடியிலேயே சாகடிக்கிறாள் என்று அப்போதுதான் கண்டுபிடித்திருந்தேன். "நீ ஆடும்மா, நான் எறியிறேன்" என்றேன்.